கண்மாய் மண் சுமந்தவர்கள்

அறந்தாங்கி,
12-8-1957

அன்புள்ள அம்மாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னத் தகராறு, கவலைப்பட ஒன்றுமில்லை. சரித்திரப் புத்தகத்தில் ராசா கண்மாய் வெட்டுகிறார். படத்தில் பெண்கள் அவருக்குச் சாமரம் வீசுகிறார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த அன்று என் மாணவி செவந்தி எழுந்து, "மண்ணு சுமக்குறது எங்க ஆத்தாதானுங்க, அது ஏன் படத்துல இல்ல?" என்று கேட்டுவிட்டாள். நான் தூண்டிவிட்டேனாம், தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார். எழுதமாட்டேன். உள்ளதைக் கேட்ட பிள்ளைக்காக எதற்கு மன்னிப்பு?

நம்மூர்க் கண்மாயில் உங்களோடு மண் சுமந்த பெண்களின் பெயர்களை அப்பாவை எழுதச்சொல்லி அனுப்புங்கள். கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயும் வேண்டும். இப்போது மற்ற ஆசிரியைகள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை; தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

மணி அடித்துவிட்டது. கரும்பலகையில் உங்கள் பெயரை முதலில் எழுதிவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஞானமணி