ஒரு தடவைக்கு முப்பது

ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் எழுதினால் அம்மா அதைக் கடைக்கார அண்ணனிடம் நீட்டி, "பெரியவ என்ன போட்டிருக்கா, படிங்க" என்பாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எப்படிக் கேட்பது என்று நான்கு நாளாக யோசித்தேன். போன வாரம் வழக்கம்போல ஆயிரம் அனுப்பினேன். "தொள்ளாயிரத்து எழுபது வந்துச்சும்மா" என்றாள் அம்மா. அதற்கு முந்தைய வாரமும் அதே தொள்ளாயிரத்து எழுபது. இரண்டு வருடமாக முழு ஆயிரம் வந்ததாகச் சொன்னவள் அவள். பணம் வந்து சேரும் போன் வாலட் உன் பெயரில் இருக்கிறது. பணத்தை எடுத்துக் கொடுப்பதும் நீதான். தேவை என்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே.

தப்பாக நினைக்காதே.

உன் அக்கா


ஜூன் 9

பட்டம் வாங்கிய அக்காவுக்கு,

தப்பாகத்தான் நினைத்தேன். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. படித்த வேகத்தில் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க அரை மணி நேரம் ஆனது.

நீ அனுப்பும்போது உன்னிடம் பன்னிரண்டு பிடிக்கிறார்கள் அல்லவா? இங்கே அதை நோட்டாக எடுக்கும்போது கடைக்கார அண்ணன் ஒரு தடவைக்கு முப்பது பிடிப்பார். ஆயிரம் எடுத்தாலும் முப்பது, ஐந்தாயிரம் எடுத்தாலும் முப்பது. இரண்டு வருடமாக அந்த முப்பதை என் தையல் காசிலிருந்து போட்டு, அம்மா கையில் முழு ஆயிரமாக வைத்தேன். "பெரியவ ஒரு காசு குறைக்க மாட்டா" என்று அவள் தெரு முழுக்கப் பெருமை பேசினாள்.

போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் போனில் உன் பணம் வந்த சத்தம். "எழுந்திரிடி, அக்கா அனுப்பிட்டா" என்று அம்மா நல்ல துணியை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். கடை வரிசையில் இருந்த எல்லோரிடமும் உன் ஆபீசைப் பற்றிச் சொன்னாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றோடு முப்பது போடுவதை நிறுத்தினேன். பொறாமைதான். பூசி மெழுக எனக்கு வராது.

இப்போது நான் கேட்கிறேன். நாலாயிரத்தையும் மாதம் ஒரே தடவையாக அனுப்பினால் என்ன? படித்தவளுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? எதற்கு வாரா வாரம் கிள்ளிக் கிள்ளி அனுப்புகிறாய்?

உன் தங்கை


ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

அறையில் என்னோடு மூன்று பேர் இருப்பதால் உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். மன்னித்துவிடு என்று இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். மூன்றாவது முறை அடிக்கவில்லை. மன்னித்துவிடு.

கணக்கு தெரியும். என் பக்கம் முப்பத்தாறு மிச்சம், உன் பக்கம் தொண்ணூறு. ஆனால் பணம் வந்தால்தான் அம்மா எனக்கு போன் செய்கிறாள். "வந்துடுச்சும்மா, வச்சிடவா?" அவ்வளவுதான் பேச்சு. நான்கு தடவை அனுப்பினால் அது நான்கு தடவை கிடைக்கிறது.

பக்கத்து மேசைக்காரிக்கு அவள் அம்மா தினமும் மதியம் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இவள் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அந்த "ம்"மைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

உன்னை நினைத்தும் எரிகிறது. அம்மா தூக்கத்தில் உன்மேல் காலைப் போடுகிறாள் என்று நீ போனில் அலுத்துக்கொண்டாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போலத்தான் பேசுகிறாள். என்னைத் திட்டுவதே இல்லை. உனக்கு விழும் திட்டில் பாதியை இங்கே அனுப்ப முடியுமென்றால், அதற்கு எவ்வளவு பிடித்தாலும் கட்டுவேன்.

இனி முப்பதையும் சேர்த்து ஆயிரத்து முப்பதாக அனுப்புகிறேன். வாரா வாரம்தான். அதை மட்டும் மாற்றச் சொல்லாதே.

உன் அக்கா


ஜூலை 2

அக்கா,

ஆயிரத்து முப்பது இரண்டு தடவை வந்தது.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமே வரவில்லை. மூன்றாம் நாள் கடை வரிசையில் அம்மா மறுபடி உன் ஆபீசைப் பற்றி ஆரம்பித்தாள். திரும்ப வந்துவிட்டது.

ஒரு செய்தி. சீருடை தைக்கும் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பேருந்தில் ஆறு மணி நேரம். தங்க இடம் அவர்களே தருகிறார்கள். ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். பக்கத்திலேயே இருப்பவளுக்கு மரியாதை இல்லை. நானும் அனுப்புகிறவளாக இருந்து பார்க்கிறேன். ராத்திரியில் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவுக்குத் துணைக்கு வந்து படுப்பாள்.

வீட்டு போனில் அம்மா பெயரிலேயே புது வாலட் போட்டுவிட்டேன், எண் அதேதான். எனக்குப் பழைய போன் ஒன்று வாங்கிக்கொண்டேன். ரகசிய எண்ணை அடிக்க அவளுக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடிக்கிறாள். தெருவுக்கே தெரிந்திருக்கும்.

நான் போவதை ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். போகாதே என்பாள் என்று நினைத்தேன். குறைந்தது நாலு திட்டாவது விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அக்கா. எல்லாத் துணியையும் மடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நீ எத்தன தடவையா அனுப்புவ?"

"மாசம் ஒரு தடவதாம்மா. நாலு தடவைன்னா முப்பது முப்பதா தண்டம்."

அம்மா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

"பெரியவ நாலு தடவ அனுப்புறா" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நான் அஞ்சு தடவை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கை