நீரே சுக்கானைப் பிடியும்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று மத்தியானம் அவருடைய குரலைக் கேட்டேன். குருநகரிலிருந்து மீன்பிடிக்கப் போன என் கணவரின் படகு, இயந்திரம் பழுதாகி, காற்றோடு இந்தியக் கரைக்கு இழுபட்டுப் போயிருக்கிறது. இத்தனை நாளும் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் கோயிலிலேயே கிடந்தேன். எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரியாமல் எதைக் கேட்பது? "ஆண்டவரே, நீரே சுக்கானைப் பிடியும்" என்று மட்டும் கேட்டேன்.

அங்கே ஒரு காவலர் தன் போனை அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

"ஜெசி, பயப்பிடாதை. காத்து விட்ட வழியிலைதான் வந்தனாங்கள். கடவுள்தான் கரை சேர்த்தவர்."

"எப்ப வருவியள்?"

"தெரியேல்லை. விசாரணை முடியோணுமாம். நீ சாப்பிட்டனியே?"

"ஓம்" என்றேன். பொய்.

கடலில் காத்தவர் கரையிலும் காப்பார். நம்புகிறேன். ஆனாலும் கட்டிலின் மற்றப் பக்கம் கையை வைத்தால் வெறுமையாகக் கிடக்கிறது. அவர் திரும்பி வர எத்தனை மாதமோ?

மாமி எனக்கென்று மூடிவைத்த சோறு ஆறிப்போயிருக்கும். போனில் அவர் "சாப்பிட்டனியே" என்று கேட்டுவிட்டார். எழும்பிப் போய்ச் சாப்பிடப் போகிறேன்.