அப்பா சொன்ன ஆள் இல்லை

லிங்கராஜபுரம், பெங்களூர்

அன்பு மகள் டீனாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் அப்பா சுகமில்லை, அது என் கிருபையால். நீயும் டேரிலும் அந்த ஊர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? போனில் சொல்லலாம்தான், ஆனால் கண் போனபிறகு மனுஷனுக்குப் பாம்புச் செவி ஆகிவிட்டது, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய துப்பறியும் சிறுகதைப் புத்தகம் வந்தது. அந்த எழுத்தாளரின் பேர்போன நாவல்களையெல்லாம் அப்பா கரைத்துக் குடித்தவர், நாம் பாதி படிக்கும்போதே கொலைகாரன் யாரென்று சொல்லி உயிரை வாங்குவார். இந்தச் சில்லறைக் கதைகள் மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டதால் சாயங்காலம் டீ குடித்துவிட்டு நான்தான் படித்துக் காட்டுகிறேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, ஃபாக்டரியில் செக்யூரிட்டி ஆபீசராக எல்லாரையும் மிரட்டிய அதே தோரணையில் ஆளைச் சொல்வார். முதல் கதையில் "டாக்டர்தான்டி, சந்தேகமே இல்ல" என்றார். புத்தகத்திலும் டாக்டர்தான். எனக்கு என்ன தோன்றியதோ, தோட்டக்காரன் என்று மாற்றிப் படித்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. உன் நிச்சயதார்த்தத்தன்று தன் வாட்சைக் காணோம் என்று டேரிலைப் பாஸ்டர் முன்னால் பையைக் கொட்டிக்காட்டச் சொன்னாரே, அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வாட்ச் சோபாவுக்கு அடியில் கிடைத்தபிறகும் "அவனே போட்டிருப்பான்" என்று சொல்லி உங்களை வாசல்படி மிதிக்கவிடாதவர்தானே இவர்.

அதற்கப்புறம் ஒரு கதையிலும் அவரை ஜெயிக்க விடவில்லை. மத்தியானமே முடிவைப் படித்துவிட்டு, வேறு ஆளுக்குத் தோதாகக் காரணங்களை ஜோடித்து வைத்துக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு இவ்வளவு கற்பனை உண்டென்று எனக்கே தெரியாது. "எனக்கு மூளை மழுங்கிப்போச்சா?" என்று கேட்டார், வயசானால் அப்படித்தான் என்றேன். மாத்திரை போட்டேனா என்று இரண்டு தரம் கேட்கிறார். பிரசங்கத்தில் பாஸ்டர் வசனத்தை மாற்றிச் சொன்னாலும் திருத்துவதில்லை. தலையை ஸ்கேன் பண்ணவேண்டும் என்றார், ஆட்டோவில் காக்ஸ் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதையும் அவர் நம்பவில்லை. பாவமாகத்தான் இருந்தது. டீக்கு ஒரு பிஸ்கெட் கூடுதலாகக் கொடுத்தேன், முடிவை மாற்றிப் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நேற்று அவர் யாரையும் சொல்லவில்லை. "டோரீன், அந்தப் பையன் விஷயத்துலயும் நான் தப்பா சொல்லிட்டேனோ? ரெண்டு பேரையும் வரச் சொல்லு, மீதிக் கதைய டீனா படிக்கட்டும்" என்றார். சொல்லும்போதே அழுதார். வருஷக்கணக்கில் நான் காலில் விழுந்து கெஞ்சியும் வராத வார்த்தை, டீனா. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

ஈஸ்டருக்கு டிக்கெட் போடுங்கள். அந்த ஊர்க் குளிரில் டேரிலை ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்ப விடாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு ஆளைச் சொல்வார், சரியாகவே சொல்வார். நீயும் "இல்லை" என்றுதான் சொல்லவேண்டும்.

உன் அம்மா,
டோரீன்