மந்திரி காலில் விழ மாட்டான்

டிசம்பர் 10, புதன்

காலையில் பனி. கம்பளித் தொப்பி போடாமல் ஒத்திகைக்குப் போகக் கூடாதென்று அம்மா. ராஜாவுக்கு விஷம் வைக்கப் போகிறவளுக்குச் சளி பிடித்தால் என்ன?

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழா நாடகம். எழுத்து, இயக்கம் ராமநாதன் மாமா. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவரே. கொடுக்காவிட்டால் ஒருவருக்கும் ஓடாது. இளவரசன் சித்தார்த், சால்ட் லேக் பையன், வங்காளத்திலேயே வளர்ந்தவன், தமிழ் வசனத்தை வங்காள எழுத்தில் எழுதிப் படிக்கிறான். அர்த்தம் கேட்டால் வங்காளத்தில் சலித்துக்கொள்கிறான்: "தூர், அது எதுக்கு?"

நான் கொலைகார மந்திரி. ஒட்டுத்தாடி அரிக்கிறது. பூஜையில் சந்தேஷ் இனிப்புக்குள் பச்சை மிளகாய் வைத்தவள் என்பதால் எனக்கு இந்த வேஷம். அனுபவம் இருக்கிறதாம்.

டிசம்பர் 11, வியாழன்

மாமா கடைசிக் காட்சியை மாற்றிவிட்டார். சங்கத் தலைவர் சொன்னாராம். மந்திரி இளவரசன் காலில் விழுந்து அழ வேண்டும்.

"நல்ல மெசேஜ் இருக்கணும்மா. கொழந்தைகள் பாக்கறா."

"அப்பாவைக் கொன்னவன் ஸாரி சொல்லிட்டா சித்தார்த்துக்கு வாள் எதுக்கு மாமா? கை குலுக்கிட்டுப் போகட்டுமே."

"உனக்கு இஷ்டமில்லேன்னா ப்ரியா பண்ணுவா."

ப்ரியா வாசல்காவலன். ஈட்டியோடு என் தாடியையே பார்த்தாள்.

விழுந்தேன். சித்தார்த் ஷூவில் சேறு.

லேக் மார்க்கெட்டிலிருந்து வீடு வரை இதே யோசனை. பழிவாங்குவதற்கு இளவரசன் மூன்று காட்சி புலம்புகிறான். மந்திரிக்குப் புலம்பலே கிடையாது. செய்தது செய்ததுதான். பயமே அதில்தான். கடைசியில் அவன் அழுதுவிட்டால் செத்த ராஜாவுக்கு என்ன லாபம்? பார்த்தவர்கள் நிம்மதியாகப் போண்டா தின்னப் போவார்கள். போகக் கூடாது. போண்டா தொண்டையில் நிற்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

முடிந்தது.

கடைசிக் காட்சி. சித்தார்த் வாளை உருவினான். நான் விழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் மாமா, மெல்ல: "மன்னியுங்கள் இளவரசே."

நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்சம் உரக்க: "மன்னியுங்கள் இளவரசே. பாவி நான்."

அது முடிந்தால்தான் சித்தார்த்தின் வசனம். வாளைத் தூக்கியபடி முழிக்கிறான். மாமா மறுபடியும், அழுகைக் குரலில், மைக்கில் விழுந்து கடைசி வரிசை வரை: "மன்னியுங்கள். பாவி நான், பாவி நான்."

அரங்கமே சிரித்தது. எனக்குத் திக்கென்றது. சிரிப்பதற்கா இவ்வளவும்?

ஓர் அடி முன்னால் வைத்தேன். இன்னோர் அடி. சிரிப்பு அடங்கியது.

"ஏய், கீ கொர்ச்சிஷ்?" என்ன பண்றே என்று வங்காளத்திலேயே கேட்டுவிட்டான் சித்தார்த், நிஜமாகவே பயந்துபோய்.

"குத்துடா."

குத்தினான். கண்ணை மூடாமல் செத்தேன். முன்வரிசையில் ஏதோ குழந்தை வீறிட்டது. அப்புறம்தான் தட்டினார்கள். தலைவர் தட்டவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நல்ல வெயில். தாடிப் பசை போகவில்லை, தேங்காயெண்ணெய் தேய்த்தும்.

மாமா போன். அம்மா கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் மேடை ஏறணும்னா மன்னிப்புக் கேக்கணுமாம். கேட்டுத் தொலை."

வாங்கினேன்.

"மாமா, அதான் எனக்காக நீங்களே மூணு தடவை கேட்டுட்டேளே."

மாமா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.