கொழும்பு ஒரு காலைப்பொழுது தூரம்

கொழும்புக்கு நாலு மணி நேரத்துக்குள் போய்விடுவோம் என்று விமானத்தில் அறிவித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அலுப்போடு கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "நாலே மணி நேரமாடி!" என்று விமானம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பாய்.

ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தின் கடைசி வருடம். காஜா பெராங் தெருவில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். கல்யாணமான புதிதில், கொழும்பிலிருந்த தன் தமக்கையைப் பார்த்து வர உன் கணவர் கப்பலேறினார். பின்னாலேயே சண்டை மூண்டது. அதன்பின் ஒரு கடிதம்கூட இல்லை. "அவன் இல்லன்னே நெனச்சுக்க" என்று சொல்லி, உன் அண்ணன் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். நீ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாய்.

அன்று நாம் இருவரும் வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். உச்சி வெயிலில் கடல் பக்கமிருந்து பெரிய விமானம் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. ஜப்பான்காரனுடையது அல்ல, வெள்ளைக்காரனுடையது. தெருவே வீட்டுக்குள் ஓடியது. நீ மட்டும் கத்தியும் கையுமாக அண்ணாந்து நின்றாய்.

"சிலோன்லேருந்து வருதாம். உள்ள வாடி!" என்று உன்னை இழுத்தேன்.

கையை உதறினாய். "நடுவுல அது எறங்க எடம் ஏது? தீவெல்லாம் இந்த ஜப்பான்காரனுங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப ஒரே மூச்சுல வந்திருக்குடி! விடியறப்ப அங்க கெளம்பி, மத்தியானம் நம்ம தலைக்கு மேல நிக்குது!"

கப்பலில் ஒரு வாரம் என்று மட்டுமே நாம் அறிந்திருந்த கொழும்பு, அந்த நொடியில் நாம் நடந்தே போய்வரும் செமாபோக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டாய்: "மாப்பிள்ளைப் பேச்சு இனி வேணாண்ணே. அவரு ஒண்ணும் தூரத்துல இல்ல."

"பிளேன் வந்தா புருசன் வந்திருவானா?"

"வழி இருக்குன்னு தெரிஞ்சிருச்சில்ல? நான் காத்திருக்கேன்."

நீ கிழங்குச் சட்டியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாய்.

சண்டை முடிந்தும் வெகுநாள் ஆயிற்று அவர் வர. ஒரு தகரப் பெட்டியோடு, ஒட்டிய கன்னத்தோடு, பெச்சா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏன், பிளேன் கெடைக்கலயா?"

பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார். நீ சிரித்தாய், சிரிப்பு முடியுமுன்பே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

கடைசிவரை நீ விமானத்தில் ஏறவேயில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு புறப்பட்டபோதெல்லாம், அழுகைக்கு முன்னால் எனக்கு உன் கணக்குத்தான் வந்தது: இப்போது கிளம்பினால் எப்போது போய்ச் சேரும்?

இன்று கணக்கு சுலபம். கொழும்பில் வாழ்க்கைப்பட்ட உன் பேத்திக்கு நேற்றுப் பெண் பிறந்திருக்கிறாள். உன் மூக்காம். மத்தியானச் சோற்றுக்குள் அவள் என் மடியில் இருப்பாள்.