தாள்களின் மூலையில் என் எண்கள்

நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் வைத்தார். "இத்த உன்கிட்ட குடுக்கச் சொன்னாம்மா. வேற ஒண்ணும் சொல்லல." வீட்டுக்கு வந்து திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை. உன் கையெழுத்தில் பதினான்கு தாள்கள். 

எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போவோம். முண்டியம்பாக்கம் வந்தால் நீ ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டாய். நெடுஞ்சாலையில் அடிபட்ட உன் தம்பி அங்கே ஆஸ்பத்திரியில்தான் கண்ணை மூடினான். இரண்டாம் வருடம் நமக்கு நவீனத்துவ இலக்கியம் பாடம். நகரமும் இயந்திரமும் ஐரோப்பாவின் பழைய நம்பிக்கைகளை ஏற்கெனவே ஆட்டிவிட்டிருந்தன, முதல் உலகப்போர் மிச்சத்தையும் உடைத்தது, அதன்பின் எல்லாம் அறிந்த கதைசொல்லியை நம்ப ஆளில்லை என்று நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ மல்லாட்டை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாய்: "பொணத்தப் பார்த்துட்டு வந்தவனுக்கு எது முன்ன, எது பின்னன்னு எப்படிடி ஞாபகம் இருக்கும்?" நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தேர்வுக்கு வராதே!

அப்புறம் நீ அந்தக் கதையை எழுதினாய். துறை மலருக்கு நான் ஆசிரியர். உன் கதையில் தம்பி ஒரு தாளில் சாவான், அடுத்த தாளில் சைக்கிள் துடைப்பான். பஸ் ஹாரன், அம்மாவின் மனப்பேச்சு, பிணவறை வாசல், எல்லாம் முன்பின்னாக. பாவம், துக்கத்தில் குழம்பிவிட்டாள் என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமலே பென்சிலால் மூலையில் ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டு, வரிசையாக்கி அச்சுக்குக் கொடுத்தேன். அதே வாரம் தேர்வில் காலச் சிதைவு, நனவோடை, துண்டு துண்டான வடிவம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். நல்ல மார்க்.

மலர் வந்த அன்று விழுப்புரம் பிளாட்பாரத்திலேயே படித்து முடித்தாய். சண்டை போட்டிருக்கலாம் நீ. "நான் எழுதினதுல அவன் அப்பப்ப உயிரோட வந்துக்கினே இருந்தான்டி. நீ வரிசையா வச்சி ஒரேடியா பொதைச்சிட்ட," என்றாய். அதற்குப் பிறகு ஒரு வரிகூட நீ எழுதவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் புண்ணைக் கிளறுவதாகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இன்று மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன், வெட்கமில்லாமல்.

அச்சகத்திலிருந்து திரும்பி வந்த அந்தத் தாள்கள் ஃபைலில் உன் அடுக்கில் இருந்தன. என் எண்கள் ஒன்பது, இரண்டு, பதினான்கு என்று தாறுமாறாக ஓடின. நான் ஒன்று என்று போட்ட தாளை நீ கடைசியில் வைத்திருந்தாய். அதில் உன் தம்பி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "தோ, ஜல்தி வந்துடறேன்க்கா" என்கிறான். கதை அங்கே முடிகிறது.

இந்த மடலையும் உன் காரியத்தில்தான் தொடங்கியிருக்கிறேன், பார்த்தாயா. இங்கேயும் முதலில் உன்னைப் புதைத்துவிட்டேன்; கை அப்படிப் பழகிவிட்டது. வரும் வாரம் வகுப்பில் உன் அடுக்கிலேயே கதையைப் படிக்கப்போகிறேன். அதற்காகக் காலையில் ரப்பர் எடுத்து என் எண்களை அழித்தேன். அழுத்தி எழுதுகிற கை எனக்கு. பென்சில் போய்விட்டது. தடவினால் பதினான்கும் விரலில் தட்டுப்படுகின்றன.