உன் கதையின் வாத்தியார் இங்கே வந்துவிட்டார்

சேசு மரி சூசை துணை

பெருமாள்மலை
10-11-1961

சென்னையில் இருக்கும் அன்பு மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி இசபெல்லாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் நின்றதா, எழுது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, பகலிலும் விளக்குதான், துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது.

நீ பத்திரிகையில் எழுதுகிற தொடர்கதையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் புத்தகம் வந்ததும் தெருப் பெண்கள் எல்லாரும் பக்கத்துச் சின்னத்தாயி வீட்டில் கூடிவிடுகிறார்கள், இசபெல்லாதான் உரக்க வாசிப்பாள். உன் கதையில் வாத்தியார் தன்னிடம் படிக்கிற கோகிலாவை விரும்புகிறாரே, அவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று இங்கே அழாதவர்கள் இல்லை. போன மாதத்திலிருந்து இசபெல்லாவின் பள்ளிக்கூடத்துப் பரமானந்தம் வாத்தியாரும் கதை கேட்க வருகிறார். உன் கதைக்குப் போடுகிற படத்தில் இருப்பது போலவே பழுப்பு மப்ளர், தலையைச் சாய்த்து அதே சிரிப்பு. வேறு சமயமாக இருந்தால் வயசுப் பிள்ளை பக்கத்தில் ஓர் ஆம்பளை வந்து உட்கார்ந்ததற்குச் சின்னத்தாயி விளக்குமாற்றை எடுத்திருப்பாள். இப்போது அவளே, அடுப்புல சோலி கெடக்கு, எல்லாரும் வெரசா வாங்கடி என்று கண்ணைக் காட்டி, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு எழுந்துபோகிறாள். கதையில் வருகிற மாதிரியே இருக்காம், பார்க்க அழகா இருக்காம்.

நேற்று கொல்லையில் நின்றவளை இசபெல்லா, இசபெல்லா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கோகிலா என்றது, சட்டென்று திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் பிள்ளையுடையது இல்லை கஸ்பார். கையைப் பிடித்து இழுத்தேன், ஜில்லென்று இருந்தது. வேலி ஓரம் போய்ப் பார்த்தால் வாத்தியார். கொஞ்சமும் பயப்படவில்லை. ஒங்க மகன் எழுதுனதுதானம்மா, ஊரே ஆசப்படுது, நீங்க மட்டும் ஏன் மொறைக்கிறீங்க என்கிறார்.

இனி அவளை வாசிக்க அனுப்ப மாட்டேன். நாளைக்கு வெள்ளனே பங்குச் சாமியாரையும் தலைமையாசிரியரையும் பார்த்து அந்த ஆளைப் பற்றிச் சொல்லப் போகிறேன், ஊர் என்னை ஏசினால் ஏசட்டும். நீயும் அந்தக் கதையில் அவர்கள் மாலை மாற்றிக்கொள்வதாக முடிவு எழுதிவிடாதே. கோகிலாவுக்கு என்ன வயது என்று ஒரு வாரம்கூட நீ எழுதவில்லை. உன் தங்கச்சிக்குப் பதினைந்துதான் நடக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, செபமாலையை விடாதே, தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கோகிலாவுக்கு நீ கதையில் ஒரு தாயை வைக்கவே இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அடைக்கலமேரி